முகமும் முகமூடியும்: அமெரிக்க அரசியல் நையாண்டியைச் சுற்றி எழுந்த ரசிகர் புனைவுகள்

கேள்வி

2005 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் காமெடி சென்ட்ரல் அலைவரிசையில் ‘தி கோல்பேர் ரிப்போர்ட்’ தொடங்கியது. அதை நடத்திய நடிகரின் பெயர் ஸ்டீவன் கோல்பேர். அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் ஸ்டீவன் கோல்பேர்தான். ஃபாக்ஸ் நியூஸின் பில் ஓ’ரைலியை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட பாத்திரம் அது. உரக்கப் பேசும், நெஞ்சுக்குத் தோன்றுவதே உண்மை என்று நம்பும், தகவல்களை எதிரியாகப் பாவிக்கும் வலதுசாரி விமர்சகன். இதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் வந்தது ‘தி டெய்லி ஷோ’. 1999 முதல் அதை நடத்திய ஜான் ஸ்டூவர்ட், எந்த வேடமும் இல்லாமல் தன் பெயரிலேயே பேசினார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சுற்றி அடுத்த சில ஆண்டுகளில், பெரும்பாலும் லைவ்ஜர்னல் தளத்தில், ஓர் எழுத்துலகமே உருவாயிற்று. ஸ்டூவர்ட்டும் கோல்பேரும் அதில் நண்பர்களாக, போட்டியாளர்களாக, காதலர்களாக வந்தார்கள். சிஎன்என்னின் ஆண்டர்சன் கூப்பர், எம்எஸ்என்பிசியின் கீத் ஓல்பர்மன், ரேச்சல் மேடோ ஆகிய உண்மையான செய்தித் தொகுப்பாளர்களும் வந்தார்கள். ரசிகர்கள் தங்கள் வட்டத்தைப் ‘போலிச் செய்தி’ வட்டம் என்றே அழைத்துக்கொண்டார்கள். நையாண்டிச் செய்தி நிகழ்ச்சிகளுக்கு அந்நாளில் அதுவே பெயர்.

உயிரோடிருக்கும் மனிதர்களைப் பற்றி இப்படிக் கதை கட்டுவது அரசியல் வாசிப்பின் ஒரு வகையா, அல்லது எழுத்தில் செய்யப்படும் வம்பா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. முகமூடி அணிந்த தொகுப்பாளர் விஷயத்தில் அது வாசிப்புதான், அதுவும் கூர்மையான வாசிப்பு என்பது என் வாதம். முகமூடி அணியாதவர் விஷயத்தில் அந்த வாதம் தளர்கிறது. எங்கே தளர்கிறது என்பதையும் ரசிகர்களைப் பிடித்திருக்கிறது என்பதற்காக மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

இதுவரையான ஆய்வுகள்

ரசிகர் எழுத்தைப் பற்றிய கல்விப்புல ஆய்வு 1992இல் வெளிவந்த இரண்டு நூல்களிலிருந்து கணக்கிடப்படுவது வழக்கம்: ஹென்றி ஜென்கின்ஸ் எழுதிய ‘டெக்ஸ்ச்சுவல் போச்சர்ஸ்’, கமீல் பேக்கன்-ஸ்மித் எழுதிய ‘என்டர்ப்ரைசிங் விமன்’. ‘ஸ்டார் ட்ரெக்’ போன்ற தொடர்களின் ரசிகர்கள், அவர்களில் பெரும்பான்மையான பெண்கள், தாங்கள் பார்த்ததை எப்படித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதை இருவரும் காட்டினார்கள். இவர்கள் ஆராய்ந்த உலகத்தில் ஓர் எழுதாத விதி இருந்தது. பாத்திரத்தைப் பற்றி எழுதலாம்; அதை ஏற்று நடித்த மனிதரைப் பற்றி எழுதக் கூடாது. அந்த விதி இணையத்திலும் வேரூன்றியிருந்தது. 1998இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளம் 2002இல் உண்மை மனிதர்களைப் பற்றிய கதைகளைத் தடை செய்தது. ஆகவே ‘போலிச் செய்தி’ எழுத்தாளர்கள் ரசிகர் உலகத்துக்குள்ளேயே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஒரு வகைமையில் இயங்கினார்கள்.

தொகுப்பாளர் மீது பார்வையாளர் கொள்ளும் நெருக்கத்தை ஆராய்ந்த கட்டுரை இதைவிட மிகப் பழையது. டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இல் அதை எழுதினார்கள். அறிவிப்பாளர், பேட்டியாளர், வினாடிவினா நடத்துபவர் ஆகியோர் கேமராவைப் பார்த்துப் பேசும்போது, தன்னிடமே பேசுவதாகப் பார்ப்பவர் உணர்கிறார். ஆனால் அந்த உறவு ஒருவழிப்பாதை என்றார்கள். இந்தக் கட்டுரையை வைத்து ரசிகர் புனைவைத் தனிமையின் நோயாக விளக்குவது எளிது. பலர் அப்படித்தான் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. தொகுப்பாளர் தன்னோடு பேசுகிறார் என்ற மயக்கத்தில் இருப்பவர் அவருக்குக் கடிதம் எழுதுவார். இங்கே எழுதப்பட்டவை கதைகள். அவற்றைத் தொகுப்பாளரின் கண்ணில் படாமல் வைப்பதே அவர்களுடைய முதல் ஒழுங்காக இருந்தது.

கிறிஸ்டினா பஸ்ஸி, உண்மை மனிதர்களைப் பற்றிய புனைவை ஆராய்கையில், பிரபலத்தின் பொதுமுகமே ஒரு பிரதி என்றும் ரசிகர் வாசிப்பது அந்தப் பிரதியைத்தான் என்றும் காட்டியிருக்கிறார். லீஸ்பெட் வான் ஸூனன் 2005இல் வெளியிட்ட ‘என்டர்டெய்னிங் தி சிட்டிசன்’ நூலில், ரசிகர் கூட்டமும் அரசியல் ஆதரவாளர் கூட்டமும் கட்டமைப்பில் ஒன்றையொன்று ஒத்திருப்பதாக வாதிட்டார். இருவரையும் சேர்த்து வாசித்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். மீதிப் பாதிக்கு நிகழ்ச்சிக்குள்ளேயே போயாக வேண்டும்.

கணப்படுப்புக்கு மேலே மாட்டிய படம்

‘கோல்பேர் ரிப்போர்ட்’ அரங்கில் ஒரு கணப்படுப்பு இருந்தது. அதற்கு மேலே கோல்பேரின் உருவப்படம் தொங்கியது. அந்தப் படத்தில் அவர் அதே கணப்படுப்பின் முன் நிற்கிறார். பின்னால் அவருடைய இன்னொரு படம் தொங்குகிறது. நிகழ்ச்சியின் ஆண்டு நிறைவுகளில், உள்ளே ஓர் அடுக்கு கூடிய புதிய படம் மாட்டப்பட்டது. அவர் உட்கார்ந்த மேசை அவருடைய குடும்பப் பெயரின் ஆங்கில முதலெழுத்தின் வடிவில் இருந்தது. விருந்தினரை அறிமுகம் செய்ததும் மேசையை விட்டு எழுந்து பேட்டி மேடைக்கு ஓடுவார். விருந்தினருக்காக எழும் கைதட்டலைக் குனிந்து வணங்கித் தானே வாங்கிக்கொள்வார். விருந்தினரோ அமைதியாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

சுயமோகத்தைக் கேலி செய்யும் ஏற்பாடுகள் என்று இவற்றைச் சொல்லிவிட்டுப் போகலாம். ரசிகர்கள் அதோடு நிற்கவில்லை. இத்தனை கைதட்டல் தேவைப்படும் ஒருவனுக்குள் என்ன காலியாக இருக்கிறது என்று கேட்டார்கள். அந்த வெறுமையைச் சுற்றித்தான் பாத்திரக் கோல்பேரின் கதைகள் எழுந்தன. கேலிச்சித்திரத்துக்கு உள்மனம் தேவையில்லை, புனைகதைக்குத் தேவை. அதைக் கொடுத்தபோது, கத்திப் பேசும் தொலைக்காட்சி விமர்சகன் என்ற அமெரிக்க வகைமாதிரியின் உளவியலையே அவர்கள் எழுதிப் பார்த்தார்கள் என்பது என் கணிப்பு.

நிகழ்ச்சியே இதற்கு வழிவிட்டது. பாத்திரக் கோல்பேர் ஓர் அறிவியல் புனைகதை எழுதியிருப்பதாக நிகழ்ச்சியில் அடிக்கடி பேச்சு வரும். அதன் நாயகன் டெக் ஜேன்சன், விண்வெளியில் உலவும் வீரன், முகத்தில் கோல்பேரின் அச்சு. ஓர் எழுத்தாளர் தன்னையே குறையற்ற நாயகனாகக் கதைக்குள் வைத்துக்கொள்வதை ரசிகர் புனைவு உலகம் நெடுங்காலமாக அறியும், கிண்டலும் செய்யும். அந்த வழக்கத்தை நிகழ்ச்சி தன் பாத்திரத்துக்கே கொடுத்துவிட்டது. டெக் ஜேன்சன் பின்னர் கார்ட்டூனாகவும் காமிக்ஸ் புத்தகமாகவும் வந்தான். 2006இல் கோல்பேர் பச்சைத் திரை முன் ஒளிவாள் சுழற்றும் காட்சியை வெளியிட்டு, அதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்து அனுப்புங்கள் என்று பார்வையாளர்களை அழைத்தார். அனுப்பியவர்களில் ஜார்ஜ் லூகாஸும் ஒருவர்.

இரு நிகழ்ச்சிகளையும் இணைத்த ஒரு சிறு பகுதி ரசிகர்களுக்குப் பெரும் புதையலாக இருந்தது. ‘டெய்லி ஷோ’ முடியும் தறுவாயில் திரை இரண்டாகப் பிரியும். ஒரு பாதியில் ஸ்டூவர்ட், மறுபாதியில் தன் அரங்கில் அமர்ந்த கோல்பேர். அடுத்து என்ன வரப்போகிறது என்று ஸ்டூவர்ட் கேட்பார்; பாத்திரக் கோல்பேர் ஏதாவது அபத்தமாகச் சொல்வார்; ஸ்டூவர்ட் சிரிப்பை அடக்க முயன்று தோற்பார். அந்தச் சிரிப்பு யாருடையது? எதிரே இருப்பது பாத்திரம் என்றால் ஸ்டூவர்ட்டும் அக்கணம் பாத்திரமாகிறார். எதிரே இருப்பவர் ‘டெய்லி ஷோ’வில் நிருபராகப் பல்லாண்டு உடன் உழைத்த நண்பர் என்றால் சிரிப்பு நிஜம். அரைநிமிடக் காட்சியில் நான்கு பேர் இருந்தார்கள். ரசிகர் புனைவில் பெரும்பகுதி இந்த நான்கு பேரையும் பிரித்துப் பார்க்கும் முயற்சி. எழுதுவது பாத்திரக் கோல்பேரையா, நடிகர் கோல்பேரையா என்பதைக் கதையின் தலைப்பிலேயே பலர் தெளிவுபடுத்தினார்கள். இவை உண்மையல்ல என்ற அறிவிப்பும் கூடவே வரும்.

இந்தப் பிரித்தறிதல் எல்லோருக்கும் கைவந்துவிடவில்லை. ஹெதர் லாமார் உள்ளிட்ட மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. ‘கோல்பேர் ரிப்போர்ட்’ வேடிக்கையானது என்பதில் தாராளவாதிகளும் பழமைவாதிகளும் ஒத்துப்போனார்கள். ஆனால் கோல்பேர் வேடிக்கை செய்வதாகப் பாவனைதான் செய்கிறார், சொல்வதை உண்மையிலேயே நம்புகிறார் என்று எண்ணும் போக்கு பழமைவாதிகளிடம் கூடுதலாகத் தென்பட்டது. பார்வையாளர்களில் ஒரு பகுதி முகமூடியை முகமாகவே எடுத்துக்கொண்டிருக்க, இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பதையே வேலையாகச் செய்தவர்களை நாம் மயக்கத்தில் இருப்பவர்கள் என்று அழைத்து வந்திருக்கிறோம்.

பாத்திரம் மெய்யுலகத்திலும் நடமாடியது. 2007இல் தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் நிற்க விண்ணப்பித்தது; கட்சியின் செயற்குழு 13க்கு 3 என்ற வாக்கில் நிராகரித்தது. 2011இல் தேர்தல் நிதிக் குழு ஒன்றைத் தொடங்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் அனுமதியைப் பெற்றது. மக்களிடமிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2010 செப்டம்பரில், புலம்பெயர்ந்த விவசாயத் தொழிலாளர் குறித்து நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு முன் சாட்சியமளித்தது. சாட்சியம் முழுவதையும் பாத்திரமாகவே சொல்லி முடித்தவரிடம், இந்தப் பிரச்சினையில் ஏன் அக்கறை என்று உறுப்பினர் ஜூடி சூ கேட்டார். கோல்பேர் சற்றுத் தயங்கினார். பிறகு குரல் மாறி, அதிகாரமற்ற மக்களைப் பற்றிப் பேச விரும்புவதாக, கிறித்தவ நம்பிக்கையின் சாயலோடு பதில் சொன்னார். நாடாளுமன்றப் பதிவில் ஒரே பெயருக்குக் கீழே இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள்.

சட்டம் இந்தக் கோட்டை இன்னும் வெளிப்படையாகக் கிழித்தது. காமெடி சென்ட்ரலை விட்டு சிபிஎஸ் அலைவரிசையின் ‘லேட் ஷோ’வுக்குப் போன கோல்பேர், 2016 ஜூலையில் குடியரசுக் கட்சி மாநாட்டு வாரத்தில் பழைய பாத்திரத்தை மேடையேற்றினார். வேறொரு நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், அந்தப் பாத்திரம் தங்கள் அறிவுச் சொத்து என்று உரிமை கோரியதாகச் சில நாட்களில் அவரே நிகழ்ச்சியில் அறிவித்தார். ஸ்டீவன் கோல்பேர் என்ற மனிதர், ஸ்டீவன் கோல்பேர் என்ற பாத்திரமாக இனி வர முடியாது. பத்தாண்டுகளாக ரசிகர்கள் கதைத் தலைப்புகளில் செய்துவந்த வேறுபாடு, வழக்கறிஞர் அலுவலகத்தில் சொத்துரிமையாக உறுதிப்பட்டது.

செய்தி அலைவரிசைகளின் கதைக்கட்டு

செய்தி வாசிப்பவரைக் கதையாக்கியது ரசிகர்கள்தான் என்ற குற்றச்சாட்டு, செய்தி அலைவரிசைகள் செய்துகொண்டிருந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. ஓல்பர்மன் தன் நிகழ்ச்சியில் ‘உலகின் மிக மோசமான மனிதர்’ என்ற பகுதியை வைத்து ஓ’ரைலியை ஓயாமல் தாக்கினார். ஓ’ரைலி பதிலுக்கு ஓல்பர்மன் பணியாற்றிய நிறுவனத்தைத் தாக்கினார். 2009இல் இரு தாய் நிறுவனங்களின் மேலிடங்களும் பேசி இந்தச் சண்டையைத் தணிக்க முயன்றதாக நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது; அத்தகைய உடன்பாட்டில் தனக்குப் பங்கில்லை என்றார் ஓல்பர்மன். எப்படியாயினும், நாயகனும் வில்லனும் இரவுக்கு இரவு தொடரும் பகையும் ரசிகர்கள் எழுதுவதற்கு முன்பே திரையில் இருந்தன.

2004 அக்டோபரில் சிஎன்என்னின் ‘கிராஸ்ஃபயர்’ நிகழ்ச்சிக்குப் போன ஸ்டூவர்ட், அதன் தொகுப்பாளர்களான பால் பெகாலாவிடமும் டக்கர் கார்ல்சனிடமும், நீங்கள் நடத்துவது விவாதமல்ல, நாடகம் என்று நேருக்கு நேர் சொன்னார். அடுத்த ஜனவரியில் அந்நிகழ்ச்சியை நிறுத்துவதாக சிஎன்என் அறிவித்தது. 2007இல் பியூ ஆய்வு மையம், அமெரிக்கர்கள் அதிகம் மதிக்கும் செய்தியாளர் யார் என்று கேட்டபோது, டாம் புரோக்கா, டேன் ராதர் போன்றவர்களோடு நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார் ஸ்டூவர்ட். அவரோ தன்னைச் செய்தியாளர் என்று ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. நகைச்சுவையாளர் என்ற அடையாளம் அவருக்குக் கேடயமாகவும் இருந்தது என்று விமர்சகர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. வேடமில்லாத வேடம் அவருடையது. அதனால்தான் ஸ்டூவர்ட்டைப் பற்றிய புனைவு கோல்பேரைப் பற்றியதைவிடச் சிக்கலானது. அறத்திலும் அது அதிகம் வழுக்குகிறது.

எல்லை எங்கே

வாழும் அரசியல் மனிதரைக் கதையில் வைப்பது புதிதல்ல. 1826இல் பிரான்டி வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு பெட்டி பொம்மைச் சிப்பாய்கள் வந்தன. பத்து வயது சார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் கோமகன் என்று பெயர் வைத்தார். அந்தக் கோமகன் அப்போது உயிரோடிருந்த போர்வீரர். இரண்டே ஆண்டுகளில் பிரிட்டனின் பிரதமரானவர். சார்லட் ஆண்டுக்கணக்கில் அவரையும், அவருடைய மகன்களின் பெயர் தாங்கிய நாயகர்களையும் கற்பனை நாடொன்றில் உலவவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதிகளை இன்று இலக்கிய வரலாற்றின் செல்வமாகப் போற்றுகிறோம்.

இந்த முன்னுதாரணம் எழுத்தின் மதிப்பை நிலைநாட்டும். ஒப்புதல் பற்றிய கேள்வியைத் தீர்க்காது. ஹஸ்ட்லர் இதழுக்கும் மதபோதகர் ஜெரி ஃபால்வெலுக்கும் இடையிலான வழக்கில் 1988இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், உண்மையென்று எவரும் நம்பமுடியாத கேலிக்காகப் பொது வாழ்க்கையில் இருப்பவர் இழப்பீடு பெற முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் நியாயமாகிவிடுவதில்லை. மேலும், அந்தத் தீர்ப்பு காப்பது கேலியை. ரசிகர் புனைவில் பெரும்பகுதி கேலி கிடையாது, அன்போடு எழுதப்பட்டது. அன்பு கேலியைவிட அந்தரங்கத்துக்குள் ஆழமாக நுழையும்.

ஆண்டர்சன் கூப்பரைக் கவனிப்போம். தன் பாலீர்ப்பைப் பற்றி அவர் 2012 ஜூலை வரை பொதுவெளியில் பேசவில்லை. போர்க்களங்களில் பணியாற்றும் செய்தியாளர் என்ற முறையிலும் அந்த மௌனம் தேவைப்பட்டதாகப் பின்னர் விளக்கினார். அதற்கு முன்பு அவரை ஆண் காதலராக எழுதிய கதைகள் எதைச் செய்தன? அவர் தரித்த பாத்திரம் எதுவும் இல்லை. வாசிக்கக் கொடுத்த முகமூடியும் இல்லை. ஒரு மனிதர் சொல்லாமல் வைத்திருந்ததை மற்றவர்கள் கதையாகச் சொன்னார்கள். கதை பூட்டிய அறைக்குள் இருந்தது, தீங்கெண்ணம் இல்லை என்ற பதில்களை நான் நேர்மையானவையாகவே ஏற்கிறேன். ஆனாலும் கோல்பேர் விஷயத்தில் செல்லுபடியாகும் வாதம் இங்கே செல்லாது. கதைகளில் குறுக்கிடும் மனைவியர், பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் உறுதி. அவர்கள் மேடையேறவே இல்லை. குடும்பத்தாரைக் கதைக்குள் கொண்டுவராமல் இருந்த எழுத்தாளர்களே இந்த எல்லையைச் சரியாக உணர்ந்தவர்கள்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. ஈராக் போரைப் பற்றிய நையாண்டியை இரண்டு ஆண்களின் உறவுக் கதையாக்கினால் அரசியல் கரைந்துவிடாதா? சில கதைகளில் கரைந்திருக்கும். ஆனால் வெறுப்பையே தொழிலாகக் கொண்ட விமர்சகன் ஒருவன் தன்னை யார் நேசிப்பார் என்று அஞ்சுவதாக எழுதுவது அரசியலற்ற செயலாக எனக்குத் தோன்றவில்லை. நிகழ்ச்சியின் முடிவே இதற்குத் துணை நிற்கிறது. 2014 டிசம்பர் 18 அன்று ஒளிபரப்பான இறுதிப் பகுதியில் பாத்திரம் மரணத்தையே கொன்று சாகாவரம் பெறுகிறது. பிறகு, பழைய வழக்கப்படி ஸ்டூவர்ட்டிடம் பேச்சை ஒப்படைக்கிறது. ஸ்டூவர்ட், அறிக்கைக்கு நன்றி என்கிறார். ஒன்பது ஆண்டு நிகழ்ச்சி முழுவதும் ‘டெய்லி ஷோ’வின் நிருபர் ஒருவர் தன் நண்பருக்கு அனுப்பிய நீண்ட அறிக்கையாக மாறிவிடுகிறது. அந்த உறவே அச்சாணி என்று ரசிகர்கள் எழுதிவந்ததை நிகழ்ச்சியும் தன் கடைசி நிமிடங்களில் சொல்லிவிட்டுப் போனது.

சான்றுகளைக் கையாளுதல்

இந்தக் கட்டுரையில் ஒரு ரசிகர் கதையிலிருந்தும் மேற்கோள் இல்லை. காரணம் உண்டு. அவற்றில் பல உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கும் பக்கங்களில், புனைபெயர்களில், குறிப்பிட்ட வாசகர்களை நம்பி எழுதப்பட்டவை. 2008 முதல் வெளிவரும் ‘டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ் அண்ட் கல்ச்சர்ஸ்’ ஆய்விதழ், ரசிகர் படைப்புகளைச் சுட்டுமுன் படைத்தவரின் அனுமதி கேட்குமாறு ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறது. மேற்கோள் இல்லாமல் வாசிப்பது வாதத்தைப் பலவீனப்படுத்தும் என்பதை அறிவேன். அந்த விலை கொடுக்கத் தக்கது.

பெருமளவு எழுத்து ஏற்கெனவே தொலைந்துவிட்டது. 2007 மே மாத இறுதியில் லைவ்ஜர்னல் நிர்வாகம் சுமார் 500 கணக்குகளை முடக்கியபோது ரசிகர் சமூகங்கள் கலங்கின. அவ்வாண்டு முடிவில் தளம் ரஷ்ய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. வெளியேறியவர்கள் அழித்துவிட்டும் போனார்கள். அவ்வாண்டே ரசிகர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அது 2009இல் திறந்த ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ காப்பகம் உண்மை மனிதர்களைப் பற்றிய புனைவுகளையும் ஏற்றுக்கொள்கிறது. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி அங்கே சேர்ந்தது.

புஷ், ஒபாமா காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சி நையாண்டியின் வரலாற்றை எழுதுவோர் பார்வையாளர் எண்ணிக்கையையும் கருத்துக்கணிப்புகளையும் அள்ளித் தருகிறார்கள். அந்நிகழ்ச்சிகளை வாரத்துக்கு நான்கு இரவும் பார்த்து, ஒவ்வொரு முகபாவத்தையும் கணக்கில் எடுத்து எழுதிய இந்த ரசிகர்களின் சாட்சியம் அந்த வரலாறுகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது. அதைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் ஆய்வாளர் முதலில் எழுதியவரைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால், கதை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.